பட்டு ஜாக்கெட் ஓரத்துக்கு ஜிக்ஜாக் போதுமா?

கேள்வி: பட்டுப்புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை வீட்டிலேயே தைக்கிறேன். வெட்டியதும் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிகிறது. என் மெஷினில் ஜிக்ஜாக் உண்டு. ஆனால் அடித்தால் ஓரம் சுருண்டுகொள்கிறது. பேசாமல் கடையில் கொடுத்து ஓவர்லாக் அடித்துவிடலாமா?
- வாசகி, பெரிய காஞ்சிபுரம்

பதில்: வேண்டாம், ஜிக்ஜாக்கே போதும். ஓவர்லாக் மெஷினின் கத்தி ஓரத்தைச் சீவிக்கொண்டே போகும். கை சற்று நகர்ந்தாலும் பக்கத் தையலுக்கு விட்ட துணி குறைந்துவிடும். பட்டு ஜாக்கெட்டைப் பல வருஷம் கழித்தும் பிரித்து லூஸாக்கிப் போடுகிறோம். அந்த ஒரு அங்குலம் அப்போது தேவைப்படும். ஜிக்ஜாக் எதையும் வெட்டாது.

பட்டு இழை வழவழப்பானது. வெட்டிய இடத்தில் பாவும் ஊடையும் பிடிப்பில்லாமல் நழுவும். ஜரிகை இன்னும் மோசம். பட்டு நூல்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது அசல் ஜரிகை. வெட்டுவாயில் அந்தச் சுற்று அவிழ்ந்தால் அக்குளில் குத்தும். அதனால் வெட்டிய கையோடு லைனிங்கை இணைத்து, இரண்டையும் சேர்த்து ஓரம் அடித்துவிடுங்கள். பாகங்களை மூட்டுவது அதற்குப் பிறகு. லைனிங் சேர்ந்தால் ஓரம் கனத்து, பாதிச் சுருக்கம் அங்கேயே தீரும்.

மீதி, மெஷினைச் சரிசெய்வதில் இருக்கிறது. தையல் அகலம் 3 முதல் 4, நீளம் 2 வைத்து, மேல்நூல் டென்ஷனை ஒரு எண் குறையுங்கள். ஊசி இடப்பக்கம் துணியில் இறங்க வேண்டும். வலப்பக்கம் ஓரத்தை ஒட்டி, மயிரிழை வெளியே இறங்க வேண்டும். இரண்டும் உள்ளேயே விழுந்தால் பிசிறு நிற்காது. அதிகம் வெளியே போனால் நூல் ஓரத்தை இழுத்துச் சுருட்டும்.

11-ம் நம்பர் புது ஊசி போடுங்கள். ஜரிகைக் கரையில் ஊசி சீக்கிரம் மழுங்கும். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே மாற்றுங்கள். கைக்கரையில், கரை உடலோடு இணையும் கோர்வை தடித்திருக்கும் இடத்தில் பெடலை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். மெஷினில் நேர்த்தையலுக்கான ஒற்றைத் துளைத் தகடு இருந்தால் கழற்றி, நீளத் துளை உள்ளதை மாட்டுங்கள். இல்லையென்றால் ஊசி உடையும்.

வெட்டும்போது விழும் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் அரையடி அடித்துப் பார்த்து, ஓரம் தட்டையாகப் படிந்த பிறகே ஜாக்கெட்டில் கை வையுங்கள்.