வீட்டுப் பட்டறை உபதொழிலாகும்போது

கடைசல் இயந்திரம் ஒன்றும், துளைபோடும் இயந்திரம் ஒன்றும், பட்டறைப் பிடி ஒன்றும் இருந்தால் வீட்டின் ஒரு மூலையே பட்டறையாகிவிடுகிறது. பொழுதுபோக்காகத் தொடங்கும் இம்முயற்சியை வருவாய் தரும் உபதொழிலாக மாற்ற இயலுமா, அதற்கு எவை தேவை என்பதைத் திருவனந்தபுரத்தைக் களமாகக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

திறமை மிகுந்த நகரம்

1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. பின்னர் அங்கு வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும், 1973இல் தோன்றிய கெல்ட்ரான் நிறுவனமும், 1939இல் நிறுவப்பட்ட பொறியியல் கல்லூரியும், சாக்கை தொழிற்பயிற்சி நிலையமும் நுட்பமான அளவில் உலோகத்தைக் கடையவல்ல கைகளை இந்நகரில் பெருக்கியுள்ளன. பணி ஓய்வு பெற்றபின் இத்திறமை வீணாதல் கூடாது. மறுபுறம், விழிஞ்ஞம் முதலிய கடலோர ஊர்களில் 1980களில் பரவிய வெளிப்பொருத்து இயந்திரப் படகுகளுக்குப் புஷ், தண்டு, மரை போன்ற உறுப்புகளின் தேவை ஓய்வதில்லை. திறமையும் தேவையும் அருகருகே உள்ளன; இரண்டையும் இணைப்பதே பணி.

முன்னோர் காட்டிய வழி

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பெற்று, அதைப் பிரித்தும் பூட்டியும் இயந்திரக் கலையைத் தாமே கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. ஆர்வம், சேவை, உற்பத்தி என்ற வரிசை இங்குக் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் ஹியூலெட், பேக்கார்டு என்னும் இருவர் 538 டாலர் முதலுடன் ஒரு கார்க் கொட்டகையில் தொடங்கிய தொழிலும், அளவுக் கருவி ஒன்றை வாங்குவோர் கிடைத்த பின்னரே காலூன்றியது. இயந்திரம் இருப்பதால் தொழில் பிறப்பதில்லை. வாங்குபவர் இருப்பதால்தான் பிறக்கிறது.

விலைக் கணக்கு

பொழுதுபோக்காளர் பெரிதும் தவறுவது விலை குறிப்பதிலேயே ஆகும். மின்சாரமும் வெட்டுக்கருவியும் மட்டுமே செலவு என அவர் கருதுகிறார். விளக்கத்திற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். ரூ. 3,00,000 விலையுள்ள இயந்திரம் 10 ஆண்டுகள், ஆண்டுக்கு 500 மணி நேரம் உழைப்பதாகக் கொள்வோம். தேய்மானம் மணிக்கு ரூ. 60. முதலுக்கு 8 விழுக்காடு வட்டி கணக்கிட்டால், முதலாண்டில் மணிக்கு ரூ. 48. மின்சாரம் ரூ. 10, வெட்டுக்கருவி, எண்ணெய் ரூ. 40. உழைப்பின் மதிப்பு மணிக்கு ரூ. 200. ஆயினும், உலோகம் வாங்குதல், அளவெடுத்தல், வாடிக்கையாளருடன் பேசுதல் ஆகியவற்றால் 5 மணி நேர உழைப்பில் 3 மணி நேரமே இயந்திரம் ஓடுகிறது. எனவே இயந்திர மணி ஒன்றுக்கு உழைப்பின் செலவு ரூ. 333. மொத்தம் ரூ. 491. மணிக்கு ரூ. 150 பெறுபவர் ரூ. 100 ஆதாயம் என மகிழலாம். உண்மையில் அவர் ரூ. 341 இழக்கிறார்.

இது அவருடைய இழப்பு மட்டுமன்று. ஓய்வூதியமோ வேறு சம்பளமோ உள்ளவர் அடக்கவிலைக்குக் கீழே வேலை ஏற்பாராயின், அதே வேலையால் குடும்பம் நடத்தும் சிறு பட்டறைக்காரரின் வருவாய் பறிபோகிறது. ஆகவே சரியான விலை குறித்தல் சமுதாயக் கடமையும் ஆகும். பிற பட்டறைகள் ஏற்கத் தயங்கும் ஒற்றை உறுப்புகள், ஆய்வுக்கூடக் கருவிகளின் பாகங்கள், முன்மாதிரிகள் ஆகியவையே உபதொழிலுக்கு ஏற்ற துறை.

சட்டமும் உதவியும்

2020 ஜூலை முதல் உத்யம் பதிவு நடைமுறையில் உள்ளது. 2025 ஏப்ரல் முதல் இயந்திர முதலீடு ரூ. 2.5 கோடிக்கும், விற்றுமுதல் ரூ. 10 கோடிக்கும் மிகாத நிறுவனம் குறுந்தொழில் எனப்படுகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குரிய தொகையை வாங்குவோர் 45 நாட்களுக்கு மேல் நிறுத்திவைத்தல் கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் வரம்பு 15 நாட்களே. தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்குக் கூட்டு வட்டி செலுத்த வேண்டும். பிறர் தரும் உலோகத்தைக் கடைந்து கொடுப்பது சரக்கு மற்றும் சேவை வரியில் சேவையாகவே கருதப்படுகிறது. இவ்வேறுபாட்டைக் கணக்கு வைக்கும்போது மறத்தலாகாது. கேரளத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்புகைச் சான்று பெற்ற தொழிலுக்கு மூன்றாண்டுகள் பல உரிமங்களிலிருந்து விலக்களிக்கிறது.

அரசு ஊழியர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1964ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளின் 15ஆம் விதி, முன் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. குடும்பத்தினர் தொழில் நடத்தினால் அதையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவி பெயரில் பட்டறை நடத்துவது இவ்விதியிலிருந்து தப்பும் வழியன்று.

அண்டை வீட்டாரின் அமைதியும் கருதத்தக்கது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. வீடுகள் நெருங்கிய நகரில் இரவு பத்து மணிக்குமேல் இயந்திரத்தை நிறுத்துவதே முறை.

முடிவுரை

முதல் ஆண்டில் புதிய இயந்திரம் வாங்காமல், இருப்பதைக் கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தைக் குறித்து வருதல் நன்று. அக்குறிப்பேட்டைப் பார்த்த பின்னரே கடன் வாங்குவதைப் பற்றி முடிவு செய்யலாம். கணக்கு ஆதாயம் காட்டவில்லையாயின், பட்டறையைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை. ஆதாயம் காட்டுமாயின், ஓய்வு பெற்ற ஒருவரின் கைத்திறன் ஓர் இளைஞருக்குப் பயிற்சியாகவும், பின்னர் வேலையாகவும் மலரும்.