கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாமா?

2019 ஆகஸ்ட் 17. லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் கழுத்தில் பட்டு ஸ்டீவ் ஸ்மித் தரையில் சாய்ந்தார். 80 ரன்னில் வெளியேறியவரை அணியின் டாக்டர் பரிசோதித்தார். எல்லாச் சோதனையிலும் தேறினார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, 92-ல் எல்பிடபிள்யூ ஆனார். மறுநாள் காலை எழுந்தபோது தலைவலி, மந்தம். மறுபடி சோதித்தால் மதிப்பெண் இறங்கியிருந்தது. ஐசிசி அந்த மாதம் முதல் தேதிதான் கொண்டுவந்திருந்த புது விதியின்படி மார்னஸ் லபுஷேன் அவருக்குப் பதிலாக பேட் பிடித்தார். டெஸ்ட் வரலாற்றில் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சிக்காக இறங்கிய முதல் மாற்று வீரர் அவர்தான்.

கன்கஷனைக் கண்டறிய, கண் அசைவைப் பதிவு செய்யும் வி.ஆர். ஹெட்செட் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் இந்தக் கதையை இழுத்துவந்து, “அது மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால்...” என்பார். அந்தப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

“ஹெட்செட்டை மாட்டினால் மூளையில் பட்ட அடி திரையில் தெரியும்”

தெரியாது. ஹெட்செட் மூளையைப் பார்ப்பதே இல்லை. கன்கஷன் பெரும்பாலும் சி.டி. ஸ்கேனிலும் சாதாரண எம்.ஆர்.ஐ.யிலும்கூடத் தெரிவதில்லை. ஸ்கேன் எடுப்பது ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். கன்கஷனில் கெட்டுப்போவது மூளையின் உருவமல்ல, அதன் வேலை. அந்த வேலைக் கோளாறு வெளியே எட்டிப் பார்க்கும் ஜன்னல்களில் ஒன்று கண்.

‘மெய்நிகர் உலகம்’ என்றதும் விளையாட்டும் மலைச்சிகரமும் கற்பனையில் ஓடும். அமெரிக்காவில் மூளை அறுவை நிபுணர் ஜம்ஷித் கஜார் உருவாக்கிய ‘ஐ-சிங்க்’ கருவிக்குள் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு புள்ளி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அதைக் கண்ணால் தொடர வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஹெட்செட் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக: மைதான ஓரத்து வெயிலும் ஆரவாரமும் மறைந்துவிடும், திரைக்கும் கண்ணுக்குமான தூரம் மாறாது. உள்ளே இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் விழியில் பட்டுத் தெறிப்பதைக் கேமரா பிடித்து, பார்வை எங்கே நிற்கிறது என்று நொடிக்குப் பல முறை கணக்கிடும்.

சுற்றும் புள்ளியில் அப்படி என்ன இருக்கிறது? ஓடும் பொருளைக் கண் வெறுமனே துரத்துவதில்லை. அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக் கண்ணை அங்கே அனுப்புகிறது. மூளையின் முன்பகுதி, சிறுமூளை, மூளைத்தண்டு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. கவனம் சிதறினால் கணிப்பு பிசகும்; கண் பின்தங்கும், அல்லது தாவி முந்திவிடும். வட்டமாக இருக்க வேண்டிய தடம் கிறுக்கலாகும்.

கண்ணைச் சோதிப்பது புதிய யோசனையும் அல்ல. விரலையோ பேனாவையோ மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, எந்த இடத்தில் இரண்டாகத் தெரிகிறது என்று கேட்பது டாக்டர்களின் பழைய வழக்கம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 2014-ல் இதையும் இதுபோன்ற சோதனைகளையும் ஒழுங்குபடுத்தி ஒரு தொகுப்பாகத் தந்தார்கள். டாக்டர் கண்ணால் மதிப்பிட்டதை ஹெட்செட் எண்ணாக்குகிறது. அது சின்ன விஷயமல்ல. ஆனால் மந்திரமும் அல்ல.

“மயங்கி விழவில்லை, அப்புறம் என்ன கன்கஷன்?”

கன்கஷன் ஆனவர்களில் நினைவிழப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கருவி இல்லாத இடங்களில் அதிகக் கேடு செய்யும் நம்பிக்கை இதுதான்.

“அமெரிக்க அரசே அனுமதி கொடுத்துவிட்டது, இனி டாக்டர் எதற்கு?”

எதற்கு அனுமதி என்று பார்க்க வேண்டும். ஐ-சிங்க்குக்கு 2016-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கொடுத்த அனுமதி, கண் அசைவுகளைப் பதிந்து ஆராய்வதற்குத்தான். 2018 டிசம்பரில் ‘ஐ-பாக்ஸ்’ என்ற கருவி கன்கஷனைக் கண்டறிய ‘உதவும்’ சாதனமாக அங்கீகாரம் பெற்றது. இது தலையில் மாட்டுவதல்ல. மோவாயைத் தாங்கியில் வைத்து, 220 நொடி ஓடும் வீடியோவைப் பார்க்க வேண்டும். உதவும் என்ற அந்தச் சொல்லை விளம்பரங்கள் படிப்பவர் கண்ணில் படாத அளவுக்குச் சிறிதாகப் போடுகின்றன என்பது என் எரிச்சல்.

ஐ-பாக்ஸ் அனுமதிக்காகக் காட்டப்பட்ட ஆய்வில், கன்கஷன் உள்ளவர்களில் சுமார் 80 சதவீதத்தினரை அது பிடித்தது. இல்லாதவர்களில் சுமார் 66 சதவீதத்தினரைச் சரியாக இல்லை என்றது. திருப்பிப் படியுங்கள். கன்கஷன் உள்ள நூறு பேரில் இருபது பேர் தப்பிவிடுவார்கள். ஒன்றுமே இல்லாத நூறு பேரில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கருவி சொன்னது சரியா தவறா என்று எதை வைத்துத் தீர்மானித்தார்கள்? டாக்டர்களின் கணிப்பை வைத்துத்தான். கன்கஷனை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. கருவியும் தெர்மாமீட்டர் மாதிரிதான்: 102 காட்டும். டெங்குவா டைஃபாய்டா என்று சொல்லாது.

உலக ரக்பி அமைப்பு 2021-ல் கண் அசைவுக் கருவிகளைச் சோதித்தபோதும் ஒரு நிதானம் இருந்தது. மாண்ட்ரியலில் உருவான நியூரோஃப்ளெக்ஸ் வி.ஆர். ஹெட்செட்டும் அதில் ஒன்று. ஏற்கெனவே உள்ள தலைக்காயச் சோதனைக்குப் பதிலாக அல்ல, அதோடு கூடுதலாகத்தான் அவற்றை வைத்தார்கள். அந்தச் சோதனையே மூன்று கட்டம்: ஆட்டத்தின் நடுவில் ஒன்று, அன்றைக்கே ஆட்டம் முடிந்தபின் ஒன்று, 36 முதல் 48 மணி நேரத்துக்குள் மற்றொன்று. அறிகுறிகள் தாமதமாக வரும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஸ்மித் கதைக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை மாலை அவர் கண் ஒழுங்காகவே ஓடியிருக்கலாம். எந்தக் கருவியும் அந்த நிமிடத்தைத்தான் அளக்கும். மறுநாள் காலையை அளக்காது.

“வீரர் பொய் சொல்வார், கண் சொல்லாது”

பாதி உண்மை. ஆட்டத்தை விட்டு வெளியேற யாருக்கும் மனம் வராது. “தலை வலிக்கவில்லை” என்று சாதிப்பார்கள். சீசன் தொடங்குமுன் எடுக்கும் அடிப்படைச் சோதனையில் வேண்டுமென்றே சொதப்பினால், அடிபட்ட பிறகு வரும் மதிப்பெண் மோசமாகத் தெரியாது என்று 2011-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்டன் மானிங் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு அது வேடிக்கை என்றார். அந்த ஆட்டத்தில் அது யாருக்கும் புதுத் தந்திரமாகத் தோன்றவில்லை.

கண் அசைவை அவ்வளவு எளிதாக நடிக்க முடியாதுதான். ஆனால் தூக்கம் கெட்ட கண்ணும் தடுமாறும். மது, சில மருந்துகள், மாறுகண், கவனக்குறைவுக் கோளாறு எல்லாமே தடத்தைக் கலைக்கும். முதல் நாள் இரவு பஸ்ஸில் வந்திறங்கிய கல்லூரி அணியை வரிசையாக உட்காரவைத்துச் சோதித்தால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

“கருவி இல்லாத ஊரில் ஒன்றும் செய்ய முடியாது”

கபடி மைதானத்தில் தலையும் முழங்காலும் மோதும்போது ஹெட்செட்டும் இருக்காது, டாக்டரும் இருக்க மாட்டார். அந்த இடத்துக்கென்றே விளையாட்டுக் கன்கஷன் நிபுணர்களின் சர்வதேசக் குழு, மருத்துவம் படிக்காதவர்களுக்காக ‘சி.ஆர்.டி. 6’ என்ற தாளை இலவசமாகத் தந்திருக்கிறது. அதில் உள்ளவை எளிய கேள்விகள்: இது எந்த மைதானம்? இப்போது எந்தப் பாதி? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டத்தில் நம் அணி ஜெயித்ததா? பதிலில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், வெறித்த பார்வை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆளை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. கழுத்து வலி, இரட்டைப் பார்வை, வலிப்பு, வாந்தி, கை காலில் பலவீனம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, நினைவு மங்குவது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். வராவிட்டாலும் முதல் மூன்று மணி நேரமாவது தனியே விடக்கூடாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பைக்கும் ஓட்டக்கூடாது.