எடை குறைந்த பிரேக் டிஸ்க் தேவையா?

கேள்வி: காருக்கு எடை குறைந்த பிரேக் டிஸ்க் மாட்டினால் பள்ளங்களில் குலுக்கல் குறையுமா?
– வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: கொஞ்சம் குறையும். சக்கரம், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங் தாங்காத எடை. அது குறையக் குறைய, பள்ளத்தில் துள்ளும் சக்கரத்தை ஷாக் அப்சார்பர் எளிதாக அடக்கும். உங்கள் ஊர் எச்.ஏ.எல். தயாரிக்கும் தேஜஸ் போர் விமானத்தில் இருப்பது எடை குறைந்த கார்பன் டிஸ்க். ஆனால் அந்த வகைக் கார்பன் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு அது ஒத்துவராது. மெலிதாக்கிய வார்ப்பிரும்பு டிஸ்க்கும் வேண்டவே வேண்டாம். வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரும்பு போதாமல், நந்தி மலை இறக்கத்தில் பிரேக் பிடிப்பு தளர்ந்துவிடும், உயிருக்கே ஆபத்து. செலவு செய்வதென்றால், பெரிய அலாய் வீலுக்கு ஆசைப்படாமல், கம்பெனி சொன்ன அளவிலேயே எடை குறைந்த, தரமான வீல் வாங்குங்கள். டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.