கணினிக் கோலத்தை அழிப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு மாணவி

வாசலில் இட்ட கோலம் பிடிக்கவில்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'இங்க்ஸ்கேப்' என்னும் இலவசக் கணினி நிரலில் வரைந்த கோலத்தை அவ்வாறு துடைக்க இயலாது. ஏனெனில் அங்கு ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி, எப்படி வளைந்து, எங்கே முடிகிறது என்னும் கணக்காகவே சேமிக்கப்படுகிறது. (கோலத்திற்குள் கணக்கு உண்டு என்பதைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலானோர் 1974ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து எழுதியுள்ளனர்.)

இந்நிரலின் அழிப்பான் மூன்று விதமாக வேலை செய்யும். முதல் விதத்தில், அது பட்ட உருவம் முழுவதும் போய்விடும். சிக்குக் கோலங்கள் பல ஒரே இழையால் ஆனவை அல்லவா? அத்தகைய கோலத்தை ஓரிடத்தில் தொட்டாலே முழுவதும் மறைந்துவிடும்! உடனே கண்ட்ரோலையும் இஸட்டையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும்.

இரண்டாம் விதம், தொட்ட பகுதியை மட்டும் வெட்டும். ஆத்தங்குடிக் கல்லிலுள்ள பூவை வரைந்து, ஓர் இதழின் நுனியை அழித்தால், அவ்விடத்தில் புதிய விளிம்பும் அதற்குரிய புள்ளிகளும் உண்டாகும். பழைய இதழ் கோப்பில் இராது.

மூன்றாம் விதமே எனக்குப் பிடித்தது. அது வெட்டாமல் மறைக்க மட்டும் செய்யும். 'கிளிப்' என்பதை விடுவித்தால் முழு இதழும் திரும்பும். கூடவே வெளிவரும் மறைப்பு உருவத்தை நீக்கினால் போதும். நம் பழைய வீடுகளின் தரைக் கற்களைப் படியெடுப்போர்க்கு இதுவே ஏற்றது. வீடு இடிபட்டபின் ஒப்பிட்டுப் பார்க்கக் கல் கிடைக்காதே!

சிலர் அழிக்காமல் வெள்ளைப் பட்டையை மேலே வைத்து மறைக்கின்றனர். காகிதத்தில் சரி, பின்னணியைச் சிவப்பாக மாற்றியவுடன் அந்தப் பட்டை பளிச்சென்று தெரியும்.