புகாரை எழுதிக் கொடுப்போம், ஒப்புகை வாங்குவோம்

இந்த மாதக் குழுப் பாடம்

ஆலை, குழாய், துறைமுகம், ஆறு, வீடு எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கிற பகுதி நம்முடையது. ராத்திரியில் காற்று நாறினால், ஆற்றில் எண்ணெய் மிதந்தால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் கேட்டுப் பேசுவோம்.

நடந்தது என்ன?

2023 டிசம்பர் 4-ஐ ஒட்டி மிக்ஜாம் புயல் மழை. மணலி சி.பி.சி.எல். ஆலையிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 26 இரவு, நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

இரண்டையும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்தது. அம்மோனியா வழக்கில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுமார் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கணக்கிட்டது. உரிய துறைகளிடம் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகே ஆலை மறுபடி இயங்கலாம் என்று 2024 மே மாதம் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

அந்தப் பணம் நமக்கு வருமா?

பல குழுக்களில் கேட்கிற கேள்வி இது. சுற்றுச்சூழல் இழப்பீடு என்பது காற்றுக்கும் தண்ணீருக்கும் செய்த கேட்டுக்காக ஆலை கட்டுவது. அது நம் வீட்டுக்கு வருகிற பணம் அல்ல. நம் உடம்புக்கும் தொழிலுக்கும் வந்த நஷ்டத்துக்கு நாமேதான் தனியாக மனு போட வேண்டும்.

இங்கேதான் பெண்களுக்குச் சிக்கல். எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000, பாதித்த மற்றக் குடும்பங்களுக்கு 7,500. குடும்பத்துக்குக் கார்டு இருக்கிறது, படகுக்குப் பதிவு எண் இருக்கிறது. காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கூடையில் விற்கிற அக்காவுக்கும், ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிற அம்மாவுக்கும் என்ன பதிவு இருக்கிறது?

இருக்கிறது. நம் குழுப் புத்தகம்தான் அது. மீன் வியாபாரத்துக்கு என்று வாங்கிய உள்கடன், மாதாமாதம் கட்டிய தவணை, எந்த மாதம் கட்ட முடியவில்லை, ஏன் முடியவில்லை, எல்லாம் தேதியோடு அதில் வரும். தவணை தவறினால் "பாக்கி" என்று மட்டும் எழுதாமல், "எண்ணெய் கலந்ததால் பத்து நாள் வியாபாரம் இல்லை" என்று காரணத்தையும் தீர்மானத்தில் எழுதுங்கள். நாளைக்கு அது சாட்சி.

செய்ய வேண்டியவை

1. முதலில் உயிர். வாயு நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். 112 அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள்.

2. அன்றைக்கே எழுதுங்கள். தேதி, மணி, இடம், என்ன நெடி, யாருக்கு என்ன தொந்தரவு. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

3. சரியான இடத்தில் கொடுங்கள். காற்று, தண்ணீர் கெட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். ஆலைக்குள் விபத்து என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். நிவாரணத்துக்குக் கலெக்டர். எண்ணூர், திருவொற்றியூர் 2018 முதல் சென்னை மாவட்டம். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டம். மாவட்டம் மாறினால் மனு அலையும்.

4. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

5. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "எங்கள் மனு மீது என்ன நடவடிக்கை?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

6. அதற்கும் மேல் பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பொதுவான சுற்றுச்சூழல் பிரச்சினைக்கு 6 மாதத்துக்குள், நஷ்டஈட்டுக்கு 5 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 2023 டிசம்பரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கணக்கில் 2028 டிசம்பர் வரை வருகிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

யாராவது பணம் கொடுத்து "ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றால், தாளைக் கூட்டத்தில் வாசிக்காமல் போடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

குழுவுக்குள் சண்டை வந்தால்?

"கம்பெனிய மூடிட்டா எங்க வீட்டுக்காரர் வேலை போயிடுமே" என்று ஒரு உறுப்பினர் சொல்வார். "என் புள்ளைக்கு மூச்சு திணறுதே" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேருமே சொல்வது உண்மை. இருவரையும் பேச விடுங்கள். புகார் என்றாலே மூடச் சொல்வது என்று அர்த்தம் இல்லை. 2024 உத்தரவும் நிபந்தனை போட்டதுதான். குழாயைச் சோதித்து அறிக்கை கொடு, குப்பத்தில் சைரன் வை, தப்பிக்கும் வழியைச் சொல்லிக்கொடு என்று கேட்கலாம். இந்தக் கோரிக்கையில் இருவரும் கையெழுத்துப் போட முடியும். ஆலைக்குள் வேலை செய்கிறவருக்கும் அந்தச் சைரன் வேண்டுமே!

கூட்டத்தில் பேசுங்கள்

• நம் தெருவுக்குப் பக்கத்தில் என்னென்ன ஆலை, என்னென்ன குழாய் இருக்கிறது?
• நம் உறுப்பினர்களில் மீன், இறால் தொழிலில் எத்தனை பேர்? அவர்கள் தொழில் குழுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?
• 2023 டிசம்பரில் நஷ்டப்பட்டவர்களிடம் இன்னும் என்னென்ன சீட்டு, ரசீது இருக்கிறது?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் கொண்டுவர வேண்டும். எல்லாக் குழுவின் பட்டியலையும் சேர்த்து ஒரே மனுவாக எழுத நாங்கள் கூட இருப்போம்.