கேட்பவர் முகம் பார்த்து எழுதியவர்

தொலைக்காட்சிக்கும் ஒரு பாதுகாவலி உண்டு என்றால் மாணவியருள் பலர் நம்பமாட்டார்கள். அசிசி நகர்ப் புனித கிளாரம்மாள்தாம் அவர். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், கோவிலில் நடந்த பூசையை அவர் தம் அறையிலிருந்தபடியே கண்டார், கேட்டார் என்று சொல்வார்கள். அதனை எண்ணி 1958-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். இந்தக் கிளாரம்மாள் ஓர் ஆங்கில நாவலில் வந்து ஒரு சிறுவனோடு பேசுகிறார். அந்த நாவலை எழுதியவரும் தொலைக்காட்சியில் தொழில் பழகியவரே. பெயர் ஃபிராங்க் காட்ரெல்-பாய்ஸ்.

1959-ல் இங்கிலாந்தில், லிவர்பூல் துறைமுகத்தை அடுத்த பூட்டில் என்னும் ஊரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கப்பள்ளியில் அவர் எழுதிய ஒன்றை அங்கே கற்பித்த கன்னியர் ஒருவர் வகுப்பில் உரக்க வாசித்தாராம். பிள்ளைகள் சிரித்தார்கள். எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை அப்பொழுதுதான் பிறந்தது என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். (கட்டுரை நோட்டுகளைத் திருத்தும் நம் ஆசிரியைகள் இதைக் கவனிப்பார்களாக!) நான் எழுதியதை இன்னொருவர் வாசிக்க, மற்றவர் முகம் மலர்கிறது. அவருடைய தொழில் முழுவதும் இதன் தொடர்ச்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர், அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் தொலைக்காட்சித் தொடர். லிவர்பூலில் மெய்யான வீடுகளை வாங்கி, அவற்றுக்குள்ளேயே படமாக்கிய 'புருக்சைடு' என்னும் தொடருக்கு எழுதினார். 1960 முதல் ஒளிபரப்பாகி வரும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடருக்கும் எழுதினார். தொடர் எழுதுவதைப் படித்தவர்கள் சற்று இளக்காரமாகவே பேசுவார்கள். ஆனால் அதிலுள்ள உழைப்பை எண்ணிப் பாருங்கள். கதைமாந்தர் நம்முடையவர் அல்லர். முன்னே ஒருவர் எழுதினார், பின்னே ஒருவர் எழுதுவார். குறித்த நாளில் பக்கங்கள் போய்ச் சேரவேண்டும். ஒருவர் மனத்தில் நினைப்பதை எழுதவே முடியாது. காமிரா காணக்கூடியதையும் காது கேட்கக்கூடியதையும் மட்டுமே எழுதலாம். துயரம் என்று எழுதினால் நடிகை என்ன செய்வார்? ஆறிப்போன தேநீர்க் கோப்பை என்று எழுதினால் எடுத்து வைக்கலாம்.

பிறகு திரைப்படங்கள் வந்தன. போஸ்னியப் போரைப் பற்றிய 'வெல்கம் டு சராயேவோ' 1997-ல் வெளிவந்தது. 2008-ல் பி.பி.சி.க்கு அவர் எழுதிய 'காட் ஆன் டிரயல்' என்னும் நாடகத்தில், அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் யூதக் கைதிகள் கடவுளையே கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்கள். குற்றவாளி என்று தீர்ப்பும் சொல்கிறார்கள். சொல்லி முடித்தபின் செபிக்கிறார்கள்.

நாவலாசிரியரானது எதிர்பாராமல் நடந்தது. 'மில்லியன்ஸ்' என்ற படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தபோது, இயக்குநர் டேனி பாயில் இதை ஒரு நாவலாகவும் எழுதலாமே என்றார். நாவலும் படமும் 2004-லேயே வெளிவந்தன. தாயை இழந்த டேமியன் என்னும் சிறுவன் தண்டவாளத்தின் அருகே அட்டைப்பெட்டிகளால் ஒரு தவக்குடில் கட்டுகிறான். ஓடும் ரயிலிலிருந்து எறியப்பட்ட ஒரு பை அதன்மேல் விழுகிறது. உள்ளே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பவுன் நோட்டுகள்! நாடு யூரோ நாணயத்துக்கு மாறப்போகிறது என்பது கதையிலுள்ள கற்பனை. சில நாள்களில் அத்தனையும் செல்லாத காகிதமாகிவிடும். அண்ணன் செலவழிக்கத் துடிக்கிறான். தம்பி ஏழைகளுக்குக் கொடுக்க நினைக்கிறான். புனிதர்கள் அவன் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பணத்தைப் பற்றிக்கூட அவன் அவர்களிடம் அதிகம் கேட்பதில்லை. அங்கே மேலே மவ்ரீன் என்று ஒரு புனிதையைச் சந்தித்தீர்களா என்றே விசாரிக்கிறான். மவ்ரீன் என்பது அவன் தாயின் பெயர்.

படத்தில் நாம் அவனைப் பார்க்கிறோம். நாவலிலோ அவனே கதை சொல்லுகிறான். தன் துயரத்தின் ஆழம் சொல்லுகிறவனுக்குத் தெரியாது. படிக்கிற நமக்குத் தெரியும். திரைக்கதையில் எழுத முடியாத இதை எழுதத்தான் நாவல் அவருக்குத் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் நூலகர்கள் சிறந்த சிறுவர் நூலுக்கு வழங்கும் கார்னகி பதக்கம், முதல் நாவலுக்கே கிடைத்தது.

2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவை டேனி பாயில் அமைத்தபோது, எழுத்து இவருடையது. 2022-ல் இரண்டாம் எலிசபெத் அரசியார் பேடிங்டன் கரடியோடு தேநீர் அருந்தி, கைப்பையிலிருந்து மார்மலேட் சாண்ட்விச்சை எடுத்துக் காட்டிய குறும்படத்தை எழுதியவர்களுள் இவரும் ஒருவர். 2024 முதல் 2026 வரை பிரிட்டனின் சிறுவர் இலக்கியத் தூதராக நியமனம் பெற்றார். யாருமே மடியில் வைத்துக் கதை வாசித்துக் காட்டாத குழந்தைகள் பள்ளிக்கு வருகிறார்களே என்பதே அப்பதவியில் அவர் எழுப்பிய குரல்.

இவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது ஒரு சிறிய நூலை. நாவலாசிரியரானபின் அவர் பூட்டிலில் ஒரு பள்ளிக்குப் போனார். அங்கே மங்கோலியாவிலிருந்து வந்த ஒரு சிறுமி இருந்தாள். அவளால் அந்த வகுப்பே களைகட்டியிருந்தது. பிறகு ஒருநாள் குடியேற்ற அதிகாரிகள் வந்து அக்குடும்பத்தை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் இடம் காலியாயிற்று. அந்தக் காலி இடத்திலிருந்து பிறந்தது 2011-ல் வந்த 'தி அன்ஃபர்காட்டன் கோட்'. படிக்கும் பழக்கத்தை வளர்க்க அதன் 50,000 பிரதிகள் இலவசமாகவே வழங்கப்பட்டன. 2012-ல் கார்டியன் பரிசும் கிடைத்தது.

அக்கதையில் இரண்டு மங்கோலியச் சகோதரர்கள் ஜூலி என்னும் மாணவியின் வகுப்பில் வந்து சேருகிறார்கள். எங்களுக்கு நீதான் வழிகாட்டி என்று அவளை நியமித்தும் விடுகிறார்கள். தம்பியை மறையச் செய்ய ஒரு பேய் துரத்துகிறதாம். அதை ஏமாற்றத்தான் அவனுக்கு நெர்குய், அதாவது பெயரில்லாதவன், என்று பெயர். ஊரைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர்கள் புகைப்படங்களைக் காட்டினார்கள். அவர்கள் போனபின், நெடுங்காலம் கழித்து, விட்டுச்சென்ற கோட்டின் பையில் அந்தப் படங்களை ஜூலி மீண்டும் பார்க்கிறாள். மங்கோலியா என்று அவள் நம்பியிருந்த இடங்களெல்லாம் பூட்டிலைச் சுற்றியே எடுக்கப்பட்டவை.