உடம்புச் சூடும் நிற்காத இரத்தமும்

புதுச்சேரியில் சித்திரை வெயில் ஏறிவிட்டால் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு பிள்ளைக்குச் சில்லுமூக்கு உடையும். சட்டையில் இரத்தத்தைப் பார்த்து வீடே பதறும். அதே வீட்டில் மகளுக்குப் பத்து நாளாக மாதவிடாய் நிற்கவில்லை என்றால், "வயசுப் பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

நம்பிக்கை: இளவயதில் அடிக்கடி இரத்தம் வந்தால் ஏதோ பெரிய நோய், இல்லாவிட்டால் உடம்புச் சூடு.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. மூக்கில் இரத்தம், பல் துலக்கும்போது ஈறில் கசிவு, எப்போது இடித்துக்கொண்டோம் என்றே தெரியாத கன்றல்: நோயே இல்லாத இளையோரைக் கேட்டாலும் இவற்றில் ஒன்றாவது தமக்கு உண்டு என்பவர்கள் ஏராளம். மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கமாக, மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. உலர்ந்தாலும், நோண்டினாலும், சளி பிடித்தாலும் அவை உடையும். அப்போது தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுநடுவே விட்டுப் பார்க்கவே கூடாது. அரை மணி நேரமாகியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு இரத்தம் கசிந்தால் டெங்குவாக இருக்கலாம். பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நம்பிக்கை: "எங்க வீட்டுல எல்லாருக்குமே இப்படித்தான், அதனால பயமில்ல."

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தச் சொல்தான். எல்லாருக்கும் இருக்கிறது என்பதே பரம்பரை நோயின் அடையாளமாக இருக்கலாம். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்பிராண்ட், ஓலாந்து தீவுகளைச் சேர்ந்த அப்படி ஒரு குடும்பத்தைப் பற்றி 1926இல் எழுதினார். அவரிடம் ஐந்து வயதில் வந்த சிறுமி, பின்னர் தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். அவர் பெயரையே தாங்கிய அந்த நோய்தான் பரம்பரை இரத்தக்கசிவு நோய்களில் மிகப் பரவலானது. ஹீமோபிலியாவைக் கேள்விப்பட்டு, 'இதெல்லாம் ஆண் பிள்ளைகளுக்கு வருவது' என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வான் வில்பிராண்ட் நோய் பெண்களுக்கும் வரும்.

மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் நம் பக்கத்தில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படும் கிளான்ஸ்மன் என்ற அரிய நோயில் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. 'பிளேட்லெட் கவுன்ட் நல்லா இருக்கு' என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து ஆறுதலடைய முடியாது.

நம்பிக்கை: மாதவிடாயில் கெட்ட இரத்தம்தானே போகிறது, போகட்டும்.

கெட்ட இரத்தம் என்று ஒன்று கிடையாது. வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் தவறுவது இயல்பு. ஆனால் ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துவிடுவது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள், இரவில் மாற்றுவதற்காகவே எழுவது ஆகியவை இயல்பல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. அரசுப் பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல இரும்புச்சத்து மாத்திரை நல்லதுதான். ஆனால் மாதாமாதம் இரத்தம் வழிந்துகொண்டே இருந்தால் அந்த மாத்திரை மட்டும் எப்படிப் போதும்? ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் போன்ற மருந்துகள் உண்டு. மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்.

வழக்கமான உறைதல் சோதனைகளில் வான் வில்பிராண்ட் நோய் அகப்படாமல் போகலாம். அந்த நோயில் குறைபடும் உறைதல் புரதத்தின் அளவு பதற்றத்தில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும். அதனால் சந்தேகம் தீராவிட்டால் மீண்டும் சோதிப்பார்கள். கோரிமேடு ஜிப்மருக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போகும்போது ரிப்போர்ட்டோடு சில பதில்களையும் எழுதிக்கொண்டு போங்கள். பல் பிடுங்கியபோது எவ்வளவு நேரம் கசிந்தது? மூக்கிலும் ஈறிலும் மாதவிடாயிலும் சேர்ந்தே இருக்கிறதா? பிரசவத்தில் அம்மாவுக்கோ சித்திக்கோ இரத்தம் ஏற்ற வேண்டியிருந்ததா? கடைசிக் கேள்வியைப் பாட்டியிடமும் கேளுங்கள்.